பதில் தராத விற்பனையாளர்: காத்திருப்பதா, நேரில் போவதா?

பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை இணையத்தில் பார்த்து, விலையும் பேசி முடித்த பிறகு விற்பவர் பதிலே தராமல் போனால், முன்னால் இருப்பது இரண்டு வழி. தொடர்ந்து செய்தி அனுப்பிக் காத்திருக்கலாம். அல்லது அவரை விட்டுவிட்டு நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் என்று பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருப்பவரிடம் வாங்கலாம்.

காத்திருந்தால் அபூர்வமான மாடல் கைக்கு வரக்கூடும். ஆனால் முன்பணம் அனுப்பாதீர்கள். யுபிஐயில் போன பணத்தை நாமாகத் திரும்ப எடுக்க வழியில்லை. அனுப்பிய பின் ஆள் மறைந்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

நேரில் போனால் தேர்வு குறைவு, விலையும் சற்றுக் கூடலாம். ஆனாலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இதுவே மேல் என்பேன். குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்று பட்ட கருவியைப் படத்தில் கண்டுபிடிப்பது கடினம். பின்புறம் உற்றுப் பார்த்தால் பச்சை படிந்த இணைப்பு முனைகள் தெரியும். ஒலியளவுக் குமிழைத் திருகினால் கரகரப்பு கேட்கும். ஸ்பீக்கரும் சேர்த்து வாங்கினால், அதன் கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். பொடியாக உதிர்ந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அரை மணி நேரம் பாடவிட்டு, சூடான பிறகும் இரு பக்கமும் ஒரே அளவில் ஒலிக்கிறதா என்று கேட்ட பிறகே பணத்தை எடுங்கள்.