வயர்லெஸ் மைக்குக்கு எனிலூப்: வெள்ளையே போதும், கறுப்பு வேண்டாம்

டர்பன் மீடியா கல்லூரிகள் குப்பையைக் குறைக்கப் பார்த்தால், கருவி கொடுக்கும் ஸ்டோரில் உள்ள பேட்டரி டப்பாவில் தொடங்கலாம். டிரான்ஸ்மிட்டருக்கு இரண்டு, ரிசீவருக்கு இரண்டு என ஒரு மைக் செட்டுக்கு 4 ஏஏ பேட்டரி. நடு ஷூட்டில் சத்தம் நின்றுவிடுமோ என்ற பயத்தில், பாதி தீர்ந்த அல்கலைனையும் (ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் சாதாரண பேட்டரி) வீசிவிடுவார்கள். 6 செட், வாரம் 2 ஷூட், வருடத்துக்கு 30 வாரம் என்று போட்டால் 1,440 பேட்டரி. ரீசார்ஜபிள் என்றால் 48 போதும்: பாதி மைக்கில், பாதி சார்ஜரில்.

பானசோனிக்கின் ரீசார்ஜபிள் பேட்டரியான எனிலூப்பில் வெள்ளை ரகத்தின் கொள்ளளவு குறைந்தது 1,900 எம்ஏஎச். 2,100 முறை வரை சார்ஜ் ஏற்றலாம் என்கிறது நிறுவனம். கறுப்பு நிற 'புரோ' 2,500 எம்ஏஎச், ஆனால் ஆயுள் 500 முறைதான், விலையும் கூடுதல். உம்கேனி ரோடு கோயில் காவடியை நாள் முழுக்கப் பதிவு செய்பவர்களுக்கும் வெள்ளையே போதும். மதியம் ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம்.

பலரும் ஏமாறுவது மைக்கில் தெரியும் பேட்டரி அளவைப் பார்த்துத்தான். அல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். எனிலூப் 1.2 வோல்ட்டிலேயே நெடுநேரம் நின்று, கடைசியில் சட்டென்று விழும். அதனால் புதுச் சார்ஜும் பாதி தீர்ந்ததாகத் தெரியும். சோனி யூடபிள்யூபி-டி மைக் வரிசையில் மெனுவுக்குப் போய் பேட்டரியை 'டைப் 2' என்று மாற்றினால் சரியாகிவிடும்.

ஜோடி கலையவே கூடாது. ஒன்று நிறைந்தும் மற்றது தீர்ந்தும் இருந்தால், பலவீனமானது தலைகீழாகச் சார்ஜாகிக் கெட்டுவிடும். 1அ, 1ஆ என்று மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் தடிப்பு கூடி உள்ளே சிக்கிக்கொள்ளும், பிறகு பிடுங்குவதே பெரும்பாடு.

சார்ஜர் ஒவ்வொரு பேட்டரியையும் தனியாகக் கண்காணித்து, நிறைந்ததும் தானே நிறுத்துவதாக இருக்க வேண்டும். பானசோனிக்கின் பிக்யூ-சிசி17 அப்படிப்பட்டது, 4 பேட்டரிக்குச் சுமார் 7 மணி நேரம் ஆகும். டைமர் மட்டும் உள்ள மலிவுச் சார்ஜர் நம் ஊருக்கு ஆகாது: மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கி, நிறைந்த பேட்டரியையும் சூடாக்கிக் கெடுக்கும்.

ஆயுள் முடிந்தவற்றில் நிக்கல் இருக்கிறது. குப்பைத்தொட்டியில் போடாமல் பிக் அன் பே கடைகளில் உள்ள மறுசுழற்சிப் பெட்டியில் போடுங்கள். 9 வோல்ட் கேட்கும் பழைய மைக்குகளுக்கு எனிலூப் கிடையாது.