லேப்ல எல்லாருக்கும் மரியாதை கிடைக்கணும்னா எது வேலைக்கு ஆகும்: ஒர்க்‌ஷாப்பா, கமிட்டியா, எழுதி வச்ச ரூல்ஸா, வாராந்திர மீட்டிங்கா?

என் ஃப்ரெண்டு ஒருத்தி போன வருஷம் அசிஸ்டென்ட் புரொஃபசரா சேர்ந்து இப்பதான் சொந்தமா குரூப் ஆரம்பிச்சிருக்கா. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி அவளால 4 பிஎச்டி ஸ்காலர் வரைக்கும்தான் எடுக்க முடியும், அதுல மூணு பேர் சேர்ந்தாச்சு. "நாம பட்டதை என் பசங்க படக்கூடாது, எதுல ஆரம்பிக்கட்டும்"னு போன் பண்ணி கேட்டா. ரெண்டு பேரும் ஒரே கெமிஸ்ட்ரி லேப்ல தான் பிஎச்டி பண்ணோம், அதனால நான் சுத்தி வளைக்காம நாலு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்து சொன்னதை இங்கயும் எழுதுறேன்.

ஒர்க்‌ஷாப்பை சீக்கிரம் முடிச்சிடலாம். வெளியில இருந்து ஒருத்தர் வருவாங்க, அரை நாள் பேசுவாங்க, சர்டிஃபிகேட் கிடைக்கும். புதுசா சேர்ந்த பொண்ணுக்கு "இப்படி ஒரு சட்டம் இருக்கு, இன்னார்கிட்ட போகலாம்"னு தெரிய வருதுல்ல, அந்த அளவுக்கு நல்லது. ஆனா மறுநாள் காலையில லேப் கதவை திறக்குறப்போ முந்தாநாள் இருந்த அதே லேப்தான் இருக்கும்.

கமிட்டி ரொம்ப முக்கியம், அதை யாரும் குறைச்சு பேசிடாதீங்க. பாலியல் தொந்தரவுன்னா 2013 சட்டப்படி உள்ளக கமிட்டி இருந்தே ஆகணும், நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும், விசாரணையை 90 நாள்ல முடிக்கணும். சாதி பாத்து நடத்துறாங்கன்னா அதுக்கு சம வாய்ப்பு செல், பாகுபாடு தடுப்பு அதிகாரின்னு 2012லயே யூஜிசி விதி போட்டிருக்கு. இதெல்லாம் இல்லாத காலத்துல ஸ்காலருக்கு போக்கிடமே கிடையாது. ஆனா பெரும்பாலான புண்படுத்தல் கம்ப்ளெயின்ட்டா எழுதுற மாதிரி இருக்காது, ஒரு சிரிப்பு, ஒரு பட்டப்பேரு, மீட்டிங்ல பேச ஆரம்பிச்சா குறுக்க வெட்டுறது, இதை எந்த ஃபார்ம்ல எழுதுவீங்க? இன்னொன்னு, ஃபெல்லோஷிப் க்ளெய்ம்ல இருந்து சினாப்சிஸ் (தீசிஸ் சுருக்கம்) வரைக்கும் கைடு கையெழுத்து வேணும். ஜேஆர்எஃப்னு மாசம் வர்ற 37,000 ரூபாய் ஃபெல்லோஷிப்புல வாடகை குடுத்து வீட்டுக்கும் அனுப்புற ஒருத்தன், அந்த கைடு மேலயோ அவருக்கு வேண்டிய சீனியர் மேலயோ புகார் குடுத்துட்டு அடுத்த மாசம் அதே டேபிள் முன்னாடி பேப்பரோட போய் நிக்கணும். 2016 ஜனவரியில ஹைதராபாத் யுனிவர்சிட்டில பிஎச்டி ஸ்காலர் ரோஹித் வெமுலா உயிரை விடுறதுக்கு முன்னாடி எழுதி வச்ச கடிதத்துல கூட 7 மாச ஃபெல்லோஷிப் பாக்கி இருக்கு, அதை வீட்டுக்கு சேருங்கன்னு இருந்துச்சு, அதை படிச்ச ராத்திரி எங்க ஹாஸ்டல்ல ஒருத்தரும் தூங்கல. பணமும் கையெழுத்தும் ஒருத்தர் கையில இருக்குற இடத்துல கமிட்டி கடைசி கதவுதான், அதுக்கு முன்னாடி வேற கதவுகள் வேணும்.

அடுத்தது எழுதி வச்ச ரூல்ஸ். வெளிநாட்டு லேப்கள்ல கையேடுன்னு ஒன்னு போட்டு வெப்சைட்லயே வைக்கிறாங்க, நம்ம ஊர்லயும் சில குரூப் ஆரம்பிச்சிருக்காங்க, நல்ல விஷயம். ஆனா அதை அப்படியே காப்பி பண்ணா நிறம், இனம், பாலினம் எல்லாம் இருக்கும், சாதி இருக்காது! நம்ம லேப்ல சாதி எப்படி வரும்னு எல்லாருக்கும் தெரியும், "எந்த ஊரு, ஊர்ல எந்த பக்கம், அப்பா என்ன பண்றாரு, குலதெய்வம் எது"ன்னு டீ குடிக்கிறப்போ சாதாரணமா ஆரம்பிக்கும், நாலாவது கேள்வியில கேக்குறவர் முகம் மாறிடும். அதனால "ஊர், தெரு, அப்பா தொழில் கேட்டு துருவக்கூடாது, யார் எந்த கோட்டாவுல வந்தாங்கன்னு பேச்சே எடுக்கக்கூடாது"ன்னு பச்சையா எழுதணும். கூடவே கைடுக்கான ரூலும் வேணும், ராத்திரி ஒன்பதுக்கு மேல மெசேஜ் போட்டா காலையில பதில் சொன்னா போதும், பேப்பர்ல யார் பேர் எங்கேன்னு வேலை ஆரம்பிக்குறப்பவே பேசணும் (பல ஜர்னல்ல இப்ப யார் எந்த வேலை செஞ்சாங்கன்னு 14 வகையா பிரிச்சு கேக்குறாங்க, அந்த பட்டியலையே எடுத்து ஒட்டலாம்). பெண் ஸ்காலருக்கு 240 நாள் வரைக்கும் மகப்பேறு, குழந்தை பராமரிப்பு லீவும் பிஎச்டி முடிக்க கூடுதலா ரெண்டு வருஷமும் விதியிலயே இருக்கு, 40 சதவீதத்துக்கு மேல ஊனம் இருக்கவங்களுக்கும் அந்த ரெண்டு வருஷம் உண்டு. இதெல்லாம் தெரியாம கெஞ்சிக்கிட்டு நிக்குறவங்களை நான் பாத்திருக்கேன், எழுதி ஒட்டினா கெஞ்ச வேண்டியதில்ல.

நாலாவதுதான் என் மனசுக்கு நெருக்கமானது, தினசரி வேலையை யார் செய்றா, மீட்டிங்ல யார் பேசுறான்னு மாத்துறது. எங்க பழைய லேப்ல கிளாஸ்வேர் கழுவுற சிங்க் பக்கம் போனா எப்பவும் நாங்க ரெண்டு பொண்ணுங்கதான் நிப்போம், பேஸ் பாத்ல (கண்ணாடி சாமான் ஊற வைக்குற காரக் கரைசல்) ஊறின உருண்டை பிளாஸ்கை எடுத்து எடுத்து விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு கிடக்கும். வெளியாள் வந்தா டீ வாங்குறது, கொட்டேஷன் வாங்குறது, பில் ஒட்டுறது எல்லாமும் எங்க கணக்குலதான். யாரும் உத்தரவு போடல, யாரும் கெட்டவங்களும் இல்ல, அப்படியே நடந்துச்சு. என்எம்ஆர் (செஞ்ச காம்பவுண்டு சரியா வந்திருக்கான்னு பாக்குற மெஷின்) ஸ்லாட் ராத்திரி பத்துக்கு மேலதான் கிடைக்கும், லேடீஸ் ஹாஸ்டல் கேட் ஒன்பதுக்கு பூட்டிடுவாங்க, அதனால நாங்க செஞ்ச காம்பவுண்டுக்கு வேற ஒருத்தர் டேட்டா எடுப்பாரு, டேட்டா எடுத்தவர் பேரு பேப்பர்ல முன்னாடி போயிடும். மரியாதையா பேசுறாங்களான்னு மட்டும் பாத்திருந்தா எங்க லேப் நூத்துக்கு நூறு வாங்கியிருக்கும்.

மீட்டிங்லயும் இதே கதைதான். அஸ்ஸாம்ல இருந்து ஒரு தம்பி வந்தான், முக்கியமான பேச்செல்லாம் தமிழ்ல ஓடும், எல்லாரும் சிரிக்கிறப்போ அவனும் சேர்ந்து சிரிப்பான், எதுக்குன்னு தெரியாம. இன்னொரு பக்கம் தமிழ் மீடியத்துல படிச்சு வந்த பையன், பெஞ்ச்ல அவன் கை மாதிரி சுத்தமான கை கிடையாது, இங்கிலீஷ்ல பேசணும்னதும் வாயே திறக்க மாட்டான். கடைசி வருஷம் புதுசா வந்த போஸ்ட்டாக் (பிஎச்டி முடிச்சுட்டு ஆராய்ச்சி பண்றவங்க) அக்கா ரெண்டே ரெண்டு மாத்தினாங்க: ஸ்லைடு இங்கிலீஷ்ல இருக்கட்டும், பேச்சு வர்ற மொழியில பேசு, பக்கத்துல இருக்கவங்க அந்த தம்பிக்கு சொல்லணும், முதல் கேள்வி ஜூனியர்தான் கேக்கணும், சார் கடைசியில. மூணாவது வாரம் அந்த தமிழ் மீடியம் பையன் எழுந்து, "அண்ணா, அந்த ரியாக்‌ஷன்ல தண்ணி போகவே இல்ல, டோலுயின் ஈரமா இருக்கு"ன்னான். டோலுயின்தான் அதுல நாங்க ஊத்துற கரைப்பான். ரெண்டு மாசமா ஈல்டு (கிடைக்குற பொருளோட அளவு) ஏன் வரலைன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தோம். அதை அவன் முன்னாடியே கவனிச்சிருக்கான், கேக்கத்தான் ஆள் இல்ல.

அதனால அவகிட்ட நான் சொன்ன வரிசை இதுதான். இந்த வாரமே வேலை பட்டியல் போட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டு, மீட்டிங்ல பேசுற வரிசையை மாத்து. ரெண்டு மாசம் கழிச்சு பசங்களையும் உக்கார வச்சு ரெண்டு பக்கத்துக்கு ரூல்ஸ் எழுது, நீ மட்டும் எழுதி கையில குடுக்காத. கமிட்டி ஆளுங்க பேரையும் நம்பரையும் ஃபயர் எக்ஸ்டிங்விஷருக்கு பக்கத்துல ஒட்டு, தேவைப்படுற அன்னைக்கு உன்கிட்ட வந்து நம்பர் கேக்குற நிலைமை யாருக்கும் வரக்கூடாது, ஏன்னா புகாரே உன் மேலயா கூட இருக்கலாம். இதை சொன்னப்போ கொஞ்ச நேரம் பேசாம இருந்தா, அப்புறம் "சரிதான்டீ"ன்னா.

நேத்து பட்டியலை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தா, வெள்ளிக்கிழமை கிளாஸ்வேர் அவ பேர்ல இருக்கு. என்எம்ஆர் ஸ்லாட் மட்டும் இன்னும் முடிவாகல, பகல்ல ரெண்டு மணி நேரம் வேணும்னு சென்டர்ல லெட்டர் குடுத்திருக்கா.