ஒளி இடுக்கித் தொகுப்பு: வாங்கலாம், லென்ஸை மாற்றினால்

லேசரால் நுண்துகளைப் பிடித்து நகர்த்தும் ஒளி இடுக்கியை வீட்டிலேயே கட்டிக்கொள்ள இணையத்தில் விற்கும் பாகத் தொகுப்பு இது. அனுப்புகூலியோடு 780 வெள்ளி. மைக்ரோஸ்கோப் நம்முடையதாக இருக்க வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் படிவம் 4, 5 மாணவர்கள் கையால் தொட்டுச் செய்யக்கூடிய இயற்பியல் என்பதால் இதை மனதார வரவேற்கிறோம்.

ஆர்தர் ஆஷ்கினும் கூட்டாளிகளும் 1986இல் பெல் ஆய்வகத்தில் ஒற்றைக் கற்றையால் செய்துகாட்டிய அதே முறைதான். அவருக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பெட்டியில் 650 நானோமீட்டர், 150 மில்லிவாட் லேசர் டையோடு, நிலை மின்னோட்ட டிரைவர், வெப்பத் தகடு, நிறம் பிரிக்கும் கண்ணாடி, 100 மடங்கு ஆயில் ஆப்ஜெக்டிவ் (நடுவே எண்ணெய்த் துளி வைத்துப் பொருளை ஒட்டிப் பார்க்கும் லென்ஸ்; ஒளியைக் குவிக்கும் திறனைச் சொல்லும் என்.ஏ. 1.25), கேமரா, 2 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரின் (பிளாஸ்டிக்) மணிகள். ஆப்ஜெக்டிவ் நல்ல தரம். பணத்தை லேசரில் கொட்டாமல் இதில் போட்டிருப்பது சரியான முடிவு. பிடிப்புக்கு வாட் மட்டும் போதாது, ஒளி எவ்வளவு கூர்மையாகக் குவிகிறது என்பதே முக்கியம்.

கண் பாதுகாப்பில் மட்டும் மன்னிக்க முடியாத பிழை. கூடவே வந்தது சிவப்பு நிறப் பாதுகாப்புக் கண்ணாடி. அது பச்சை லேசருக்கானது. சிவப்புக் கதிரை அப்படியே உள்ளே விட்டுவிடும். 650 நானோமீட்டருக்கு என்று பொறித்த கண்ணாடி தனியாக வாங்கும்வரை லேசரை ஏற்றவே வேண்டாம். ஐபீஸ் வழியாக ஒருபோதும் பார்க்கக் கூடாது, கேமராவில்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது லென்ஸ். கற்றையை விரிக்க 25, 75 மில்லிமீட்டர் என இரண்டு லென்ஸ் தந்திருக்கிறார்கள். அவற்றிலிருந்து வருவது இணைகற்றை. ஆப்ஜெக்டிவோ 160 மில்லிமீட்டர் குழாய்க்கானது, அதாவது அந்தத் தூர அளவிலிருந்து விரிந்து வரும் ஒளிக்கானது. இரண்டும் ஒத்துப்போகாது: லேசர் குவியும் தளம், கேமரா பார்க்கும் தளத்துக்குப் பல மைக்ரோமீட்டர் தள்ளி விழும். மணி சிக்கினாலும் திரையில் மங்கலாகத்தான் தெரியும். பலர் "பிடிக்கவே இல்லை" என்று கைவிடுவது இங்கேதான். இரண்டையும் கழற்றிவிட்டு 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைப் போடுங்கள். அதன் குவியம் ஆப்ஜெக்டிவின் தோளிலிருந்து (மைக்ரோஸ்கோப்பில் திருகும்போது பதிந்து நிற்கும் விளிம்பு) 150 மில்லிமீட்டரில், அதாவது கேமரா சென்சார் இருக்கும் அதே தூரத்தில் அமைய வேண்டும். நிறம் பிரிக்கும் கண்ணாடியில் திரும்பும் பாதையையும் சேர்த்து அளக்கவும். 2 மில்லிமீட்டர் கற்றை அங்கே 6 மில்லிமீட்டராக விரிந்து, ஆப்ஜெக்டிவின் 4 மில்லிமீட்டர் பின்துளையை நிரப்பிவிடும்.

சரிபார்க்க, கவர் கிளாஸில் (ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடி) படிந்த தூசியைத் திரையில் கூர்மையாக்குங்கள். லேசரின் எதிரொளிப் புள்ளியும் அதே நேரத்தில் மிகச் சிறிதாக வேண்டும். ஃபோகஸைத் திருப்பும்போது புள்ளி வட்ட வளையங்களாக நடுவிலேயே விரிந்தால் லேசர் நேராக வருகிறது. ஒரு பக்கமாக வழுக்கினால் நிறம் பிரிக்கும் கண்ணாடியின் சாய்வைத் திருத்த வேண்டும்.

மணிகளை 10 மில்லிலிட்டர் வாலைவடிநீரில் ஒரு துளி மட்டும் கலக்கவும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகளால் மணி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஸ்லைடின் ஓரத்தை நகப்பூச்சால் அடைத்து, கவர் கிளாஸ் கீழே இருக்கும்படி கால்மணி நேரம் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிறகு நிமிர்த்துங்கள். மணிகள் சற்று நேரத்துக்குக் கவர் கிளாஸை ஒட்டி நிற்கும். ஆயிலுக்கும் தண்ணீருக்கும் ஒளிவிலகல் வேறு என்பதால் ஆழம் போகப் போகக் குவியம் கெட்டுவிடும். அந்த முதல் பத்து மைக்ரோமீட்டரில்தான் பிடி வலுவாக இருக்கும்.

மணி பக்கவாட்டில் கூடவே வந்தால் போதாது. ஒளி அதைக் கண்ணாடியில் அழுத்தியும் இழுத்துப்போகும். ஃபோகஸை மேலே ஏற்றும்போது மணியும் கூர்மை கெடாமல் ஏறினால்தான் உண்மையான பிடிப்பு. லென்ஸ் மாற்றிய பிறகு இந்தத் தொகுப்பு அதில் தேறுகிறது. மைக்ரோஸ்கோப் மேடையை நொடிக்கு 100 மைக்ரோமீட்டர் வேகத்தில் நகர்த்தியும் மணி நழுவாவிட்டால், பிடி குறைந்தது 1.5 பிக்கோநியூட்டன் (பிக்கோ என்றால் இலட்சம் கோடியில் ஒரு பங்கு).

செம்பனை லோரி போகும் சாலையோர வீட்டில் பலகைத் தரை உதவாது. சிமெண்டுத் தரையில் கனமான கல்மேசை வேண்டும், காற்றாடியையும் நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் ஆயிலை லென்ஸ் தாளால் ஒற்றி எடுத்து, ஆப்ஜெக்டிவைச் சிலிகா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். நம்மூர் ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அந்தக் கண்ணாடியை மீட்பது கடினம்.