புதுமைப்பித்தன் கதைகள்: சேலை மடிக்கிறவன் படித்தது

திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். 18 வருஷம் ஆகிறது. புத்தகத்தைப் பற்றிப் பேச வந்தவன் எதற்கு உத்தியோகத்தைச் சொல்கிறான் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், காரணம் இருக்கிறது.

நான் வாங்கியது காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்ட புதுமைப்பித்தன் சிறுகதைகளின் முழுத் தொகுப்பு, ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்தது. ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கினேன். மூலை நசுங்கி வந்து சேர்ந்தது. எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. சரி, எழுத்து நசுங்கவில்லையே என்று விட்டுவிட்டேன்.

கதைகளைக் கால வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். என்னைப் போன்ற ஆளுக்கு இதுதான் பெரிய உபகாரம். 1934இல் எழுதிய ‘பொன்னகரம்’ முன்னாலேயே வந்துவிடுகிறது. அடிபட்டுக் கிடக்கிற குதிரைவண்டிக்காரப் புருஷன் பால் கஞ்சி கேட்கிறான். வீட்டில் காசு இல்லை. அம்மாளு இருட்டுச் சந்துக்குள் போய் முக்கால் ரூபாயோடு வருகிறாள். அவள் மனசுக்குள் என்ன ஓடியது என்று ஒரு வரி கிடையாது. முக்கால் ரூபாய், பால் கஞ்சி, அவ்வளவுதான். ஆனால் கடைசியில் ஆசிரியரே குறுக்கே வந்து, கற்பைப் பற்றிப் பேசுகிற நம்மையெல்லாம் ஒரு அதட்டு அதட்டுகிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. முந்தியை விரித்துக் காட்டினால் போதும், வாடிக்கையாளருக்குக் கண் இருக்கிறது. பக்கத்தில் நின்று ‘பார்த்தீங்களா, பார்த்தீங்களா’ என்று கத்தினால் வாங்க வந்தவரும் எழுந்து போய்விடுவார்.

அப்புறம் 1943க்கு வாருங்கள். ‘செல்லம்மாள்’. ‘கலைமகள்’ பத்திரிகையில் வந்த கதை. இதில் அந்தக் கத்தல் இல்லவே இல்லை. ஒன்பது வருஷத்தில் மனுஷர் வாயைக் கட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

பிரமநாயகம் பிள்ளை தெற்கேயிருந்து சென்னைக்குப் பிழைக்க வந்தவர். வேலை ஜவுளிக்கடையில். பெண்டாட்டி செல்லம்மாள் தீராத சீக்காளி. இவரே வீட்டு வேலையையும் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓட வேண்டும். போனால் அவள் தனியாகக் கிடப்பாள். போகாவிட்டால் சம்பளம் இல்லை, மருந்தும் இல்லை. தினமும் காலையில் இதே கணக்குதான். தினமும் போகிறார். ஒரு நாள் திரும்பி வந்து பார்த்தால் அவள் மயங்கிக் கிடக்கிறாள்.

இந்தக் கதையில் ஒரு மூட்டை வருகிறது. அவளுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்று கடையிலிருந்து சேலைகளைக் கட்டி எடுத்து வருகிறார் பிள்ளை. அவள் விலையைக் கேட்கிறாள். அதெல்லாம் உனக்கெதற்கு என்று இவர் மழுப்புகிறார். மற்றவர்கள் இதைப் பாசம் என்று படித்துவிட்டுப் போவார்கள். எனக்குக் கை நடுங்கியது. எங்கள் கடையில் சேலை வெளியே போக வேண்டுமானால் முதலாளியிடம் சொல்ல வேண்டும், சிட்டையில் ஏற வேண்டும். வேண்டாததை மறுநாளே அதே மடிப்போடு அடுக்கில் வைக்க வேண்டும். ஒருமுறை கலைந்த மடிப்பு மறுபடி அப்படியே விழாது, உள்மடிப்பில் ஒரு கோடு கிடந்து காட்டிக் கொடுத்துவிடும். விலையைக் கேட்டவளுக்கும் பதில் சொல்லாதவருக்கும் இந்த மாதிரிக் கணக்கெல்லாம் தெரியாமலா இருந்திருக்கும்?

கதையில் வருகிற பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு. கொங்குநாட்டு நண்பர் ஒருவருக்கு முதல் நாலு பக்கம் ஓடவில்லை. வாய்விட்டுப் படியுங்கள் என்றேன், ஓடிவிட்டது.

கதை செல்லம்மாளின் சாவில்தான் தொடங்குகிறது. அவள் போனதும் பிள்ளை கதறவில்லை. பெரிய பாரம் இறங்கின மாதிரி இருக்கிறது அவருக்கு. முதல் தடவை படித்தபோது ‘என்ன மனுஷன்யா இவன்’ என்றுதான் நினைத்தேன். என் அப்பா பதினோரு மாதம் படுக்கையில் கிடந்து போனார். காரியமெல்லாம் முடிந்த அன்று ராத்திரி நான் விடியும்வரை அசையாமல் தூங்கினேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதன் பிறகு இரண்டாம் தடவை படித்தேன். பிள்ளையைத் திட்ட வாய் வரவில்லை.

‘சாப விமோசனம்’ கதையையும் சொல்ல வேண்டும். சீதை தீக்குளித்ததை அவள் வாயாலேயே கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். எல்லாரும் புகழ்கிற கதை. நல்ல கதைதான், ஆனால் எனக்குச் செல்லம்மாள் வீட்டு அடுப்படிதான் நெருக்கம்.

மதியம் கடை குடோனில் சாப்பிடும்போது ‘செல்லம்மாள்’ கதையை எங்கள் சீனியர் அண்ணாச்சிக்குப் படித்துக் காட்டினேன். கடைசியில் பிள்ளை அவளைக் குளிப்பாட்டி அந்தப் புதுச் சேலையை உடுத்துகிற இடத்தில் அவர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“சேலைக்குப் பணம் கட்டிட்டானா, தம்பி?”

“கதையில இல்ல அண்ணாச்சி.”

“பற்றுலதான் எழுதியிருப்பாங்க. மாசா மாசம் பிடிப்பாங்க.”

கையைக் கழுவிவிட்டு வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனவர்தான். மூன்று வாரம் ஆகிறது, இன்னும் திருப்பித் தரவில்லை.