மூன்று யுஎஸ்பி சவுண்ட் கார்டுகளும் ஒரு டிஷ் வயரும்

என் கொம்பியூட்டரில் மவுஸை அசைத்தால் போதும், ஸ்பீக்கரில் மண்ணைச் சுரண்டுவது போல ஒரு சத்தம் வரும். பெரிய ஃபைல் கொப்பி ஆகும்போது இன்னும் மோசம். மதர்போர்டில் இருக்கும் சவுண்ட் சிப், பக்கத்தில் ஓடும் மற்ற சுற்றுகளின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. அதற்காகத்தான் வெளியே செருகும் யுஎஸ்பி சவுண்ட் கார்ட் தேடினேன். ஒரு வருடத்துக்குள் மூன்று வாங்கி, இப்போது பெஹ்ரிங்கர் யூசிஏ222இல் வந்து நிற்கிறேன்.

முதலில் வாங்கியது பெருவிரல் அளவு டொங்கிள். ஒரு கிலோ விளைமீன் காசு கூட வராது. செருகினால் வேலை செய்யும், டிரைவர் தேவையில்லை. மவுஸ் சத்தம் அன்றைக்கே போய்விட்டது. சூமில் வகுப்பு எடுப்பவருக்கு இதுவே தாராளம். எனக்குச் சரிவராததற்குக் காரணம் அப்பாவின் கசெட்டுகள். கோயில் திருவிழாக்களில் அவர் பதிந்து வைத்த நாதஸ்வரக் கச்சேரிகளை கொம்பியூட்டரில் ஏற்ற வேண்டும். டொங்கிளில் இருப்பதோ மைக் துளை மட்டும், அதுவும் இடம், வலம் பிரியாத மோனோ. மைக்கின் மெல்லிய சிக்னலுக்கென்று செய்த துளையில் கசெட் டெக்கைக் கொடுத்தால், தவிலில் குச்சி விழுகிற ஒவ்வொரு அடியும் உடைந்து கேட்கும்.

இரண்டாவது கிரியேட்டிவின் சவுண்ட் பிளாஸ்டர் பிளே 3. சத்தத்தை எவ்வளவு நுணுக்கமாகக் கையாளும் என்பதற்கான அளவு 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் வரை போகும். ஹெட்போனில் வடிவான சத்தம். ஹெட்போனில் மட்டும் கேட்பவர் இதை வாங்கிவிட்டு மேலே வாசிக்காமல் விடலாம்.

நான் கேட்பது அம்பிளிஃபையரில். லண்டனில் இருந்து சித்தப்பா கொண்டுவந்த பழையது. அங்கேயும் 230 வோல்ட் என்பதால் அப்படியே செருகிப் பாவிக்கலாம். அதில் டொங்கிளைக் கொடுத்தாலும் பிளே 3ஐக் கொடுத்தாலும், பாட்டு நின்றதும் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல். மவுஸ் சத்தம் வேறு, இது வேறு. முதலில் சவுண்ட் கார்டையே சந்தேகப்பட்டு, மூன்று விதமான வயர் மாற்றிப் பார்த்தேன். வயரிங் பார்க்க வந்த தம்பி ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்: “அண்ணை, பிளக்கில எர்த்தைக் கழட்டி விடுங்கோ, சத்தம் போயிடும்.”

போயிருக்கும்தான். ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே ஏதும் பழுதானால் கொம்பியூட்டரின் இரும்புப் பெட்டி உங்களுக்கு ஷொக் அடிக்காமல் காப்பது அந்த எர்த்தான்.

பிறகு ஒருநாள் தற்செயலாக டிவி பெட்டியின் பின்னால் இருந்த டிஷ் வயரைக் கழற்றினேன். உறுமல் பட்டென்று நின்றது. திரும்பக் கொடுத்தேன், வந்தது. கூரையில் இரும்புக் கம்பத்தில் நிற்கிற டிஷ், அதிலிருந்து டிவி பெட்டி, அங்கிருந்து அம்பிளிஃபையர், அங்கிருந்து சவுண்ட் கார்ட், பின் கொம்பியூட்டரின் மூன்று பின் பிளக் வழியாக வீட்டு எர்த். இரண்டு இடத்தில் நிலத்தைத் தொடும் ஒரு வட்டம். அந்த வட்டத்தில் ஓடும் சின்ன மின்னோட்டம்தான் 50 ஹேர்ட்ஸ் உறுமலாகக் கேட்கிறது. யுஎஸ்பி வயரிலும் எர்த் இணைப்பு தொடர்வதால், கார்டை வெளியே கொண்டுவந்தாலும் வட்டம் அறுவதில்லை. எவ்வளவு விலையான கார்ட் வாங்கினாலும் இதே கதைதான்.

யூசிஏ222 பக்கம் நான் சாய்ந்தது இந்த இடத்தில். அதில் ஒப்டிகல் அவுட் இருக்கிறது. கேபிளின் நுனியைப் பார்த்தால் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம். உள்ளே போவது ஒளி, செம்பு இல்லை. வட்டம் அங்கேயே அறுந்துவிடுகிறது. சித்தப்பாவின் அம்பிளிஃபையரில் ஒப்டிகல் துளை இருந்தது என் அதிர்ஷ்டம். டிஷ் வயர் மாட்டியபடியே இருக்க, பாட்டு நின்றால் இப்போது மின்விசிறிச் சத்தம்தான் கேட்கிறது. உங்களுடையதில் அந்தத் துளை இல்லையென்றால், எல்லா பிளக்கையும் ஒரே போர்டில் செருகிப் பாருங்கள். சில வீடுகளில் உறுமல் குறையும். இல்லாவிட்டால் ஓடியோ வயரின் நடுவே, இரண்டு பக்கத்தையும் நேரடியாக இணைக்காமல் சத்தத்தை மட்டும் கடத்தும் ஐசொலேட்டர் போடலாம். மலிவானதில் பேஸ் கொஞ்சம் மெலியும்.

கசெட்டுக்கும் இதுதான் சரி. இடம், வலம் இரண்டுக்கும் டெக்கின் சிவப்பு, வெள்ளை வயர்களைச் செருகும் ஆர்சிஏ துளை உண்டு. 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸோடு நின்றுவிடும். முப்பது வருடக் கசெட்டுக்கு அதற்கு மேல் என்னத்துக்கு?

குறை இல்லாமல் இல்லை. ஹெட்போனுக்குப் பிளே 3தான் மேல். பெட்டி பாரமில்லாத பிளாஸ்டிக். ஆர்சிஏ வயர்களின் இழுவையில் மேசையில் நகர்ந்துகொண்டே இருந்ததால் அடியில் இரட்டை டேப் ஒட்டினேன். யுஎஸ்பி வயர் பெட்டியோடு பொருத்தியே வருகிறது. அறுந்தால் ஈயம் வைத்துத்தான் எடுக்க வேண்டும். வீடு யாழ்ப்பாணத்துக் குருநகரில், கடற்காற்று நேரே வரும். பழைய டெக்கின் துளைகள் பச்சை பூத்ததைப் பார்த்திருக்கிறேன். இது வந்து எட்டு மாதம்தான், இன்னும் மினுக்கம் போகவில்லை. அதை வைத்து உழைப்புக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

பிளே 3 தங்கச்சியின் லப்டொப்புக்குப் போய்விட்டது. கசெட்டில் பதினொன்று பாக்கி. மாரி தொடங்கிப் பூஞ்சணம் பிடிக்க முதல் ஏற்றிவிட வேண்டும்.