பேக்கேஜ் அப்டேட்டா, கன்டெய்னர் இமேஜா?

லினக்ஸில் மென்பொருள் பேக்கேஜ்களை நிறுவும் ஏப்டி (apt), டிஎன்எஃப் (dnf) கருவிகளின் வழியில், ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்திலேயே பேக்கேஜ்கள் ஒவ்வொன்றாக மாறுகின்றன. புதிய கருவியை உடனே நிறுவலாம். ஒற்றைக் கணினிக்கு இதுவே சுலபம்.

சர்வர்கள் பல என்றால் நான் பூட்சி (bootc) என்ற கருவியின் பக்கம்தான். மையப் பகுதியான கெர்னல் உட்பட முழு இயங்குதளமும் ஒரே கன்டெய்னர் இமேஜாக, அதாவது எல்லாம் அடங்கிய ஒரே தொகுப்பாக, ரெஜிஸ்ட்ரி எனும் இமேஜ் சேமிப்பகத்திலிருந்து வருகிறது. நமக்கு வேண்டிய மாற்றங்களைக் கன்டெய்னர்ஃபைல் எனும் செய்முறைக் கோப்பில் எழுதி, பில்ட் செய்து, சோதித்துப் பார்த்த பிறகு எல்லா இயந்திரங்களுக்கும் அதே இமேஜை அனுப்பலாம். புதியது தனியாக இறங்கிக் காத்திருக்கும். ரீபூட் செய்தால்தான் நடைமுறைக்கு வரும். இடையில் மின்சாரம் போனாலும் பழைய சிஸ்டம் அப்படியே இருக்கும். சிக்கல் வந்தால் ரோல்பேக் செய்து பழைய இமேஜுக்குத் திரும்பலாம். ஆனால் டேட்டாபேஸ் போன்றவை இருக்கும் வார் (/var) டைரக்டரியில் உள்ள தரவு பின்னோக்கிப் போகாது. டேட்டாபேஸுக்குத் தனி பேக்கப் கட்டாயம். பேக்கேஜ்களில் சின்னத் திருத்தம் நிலைக்க வேண்டுமென்றாலும் இமேஜை மறுபடி பில்ட் செய்தாக வேண்டும்.