தி டெவில் இன்சைட்: கடைசி நிமிடத்தில் கோட்டைவிட்ட பேய்ப்படம்

சுமார் 10 லட்சம் டாலரில் எடுத்து, உலகம் முழுக்க ஏறத்தாழ 10 கோடி டாலர் வசூலித்த படம். ஆனால் 2012 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் எடுத்த ரசிகர் கணிப்பில் கிடைத்தது 'எஃப்'. அதற்குக் கீழே கிரேடே கிடையாது. இரண்டாவது வார இறுதியில் வசூல் முக்கால்வாசி சரிந்தது.

பட்ஜெட்டைக் குறை சொல்ல முடியாது. நிலவறையில் ரோசா என்ற பெண்ணுக்குப் பேயோட்டும் காட்சியில், உடம்பை எப்படியும் வளைக்கக்கூடிய போனி மார்கனை நடிக்க வைத்திருக்கிறார்கள். கை முறுகி, முதுகு பின்னால் மடிவதைப் பார்த்தால் நிஜமாகவே குலை நடுங்குகிறது. அருமையான வேலை!

சொதப்பியது முடிவில். பேய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகிறது என்று படிப்படியாகக் கட்டி எழுப்புகிறார்கள். அதற்கு விடை வரவேண்டிய இடத்தில் கார் மோதுகிறது, திரை இருள்கிறது, மேலும் விவரங்களுக்கு என்று ஒரு இணையதள முகவரி வருகிறது. யாரோ எடுத்துவைத்து, பிறகு கண்டெடுத்த வீடியோ போல எடுக்கும் பாணியில் படம் சட்டென அறுந்துபோவது தப்பில்லை. ஆனால் கதாநாயகி ரோம் வரை வந்ததே பேய் பிடித்த தன் அம்மாவுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளத்தான். அதற்காவது பதில் சொல்லியிருக்க வேண்டும். காசு கொடுத்து உட்கார்ந்தவரை வெப்சைட்டுக்கு அனுப்புவது அநியாயம்.

இடையில் கேமரா முன் பேசும் பேட்டிகளும் நீளம். நிலவறைக் காட்சிக்காக மட்டும் பார்க்கலாம்.